பெயரைக் காப்பது யார் பொறுப்பு?

(தலைமையாசிரியர்களுக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் நடைபெற்ற நிதி மேலாண்மைப் பயிற்சியில், ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் ரொக்கப் பதிவேட்டை எப்படி எழுதுவது, இருப்புப் பதிவேட்டை எப்படிச் சரிபார்ப்பது என்று பார்த்தீர்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது கொஞ்சம் சங்கடமான பகுதி. கணக்கு ஒழுங்காக இல்லை என்ற சந்தேகம் உங்கள் பள்ளியிலேயே, சக ஆசிரியர் மீதோ தலைமையாசிரியர் மீதோ அலுவலகப் பணியாளர் மீதோ வந்தால் என்ன செய்வது? தலைப்பைப் பலகையில் எழுதியவுடனேயே பின்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். இந்தத் தலைப்பில் எங்கே பேசினாலும் அது நடக்கும். இது யாரையும் குறிவைத்த பேச்சு அன்று.

நான் ஆசிரியன் இல்லை. பணிக்காலம் முழுவதும் தணிக்கையில் இருந்தவன். பள்ளிகள், விடுதிகள், ஊராட்சிகள் என்று பல இடங்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறைகேட்டைத் தணிக்கையாளர் தானாகக் கண்டுபிடிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நாங்கள் எப்போதோ ஒரு முறை வருவோம், இரண்டு நாள் இருப்போம். எங்கள் கையில் கிடைப்பது காகிதம்தான். இருபது மேசை வாங்கியதாக மூன்று விலைப்புள்ளி இருக்கும், கடைக்காரரின் பட்டியல் இருக்கும், பணம் கொடுத்த பற்றுச்சீட்டு இருக்கும், இருப்புப் பதிவேட்டில் பதிவும் இருக்கும். வண்டியிலிருந்து இறங்கியது பன்னிரண்டு மேசைதான் என்பது அந்த வகுப்பில் பாடம் நடத்துகிறவருக்குத்தான் தெரியும். சத்துணவுக் கணக்கில் அன்று நூற்றுப் பத்துப் பேர் சாப்பிட்டதாக இருக்கும். அன்று ஊரில் தேர்த் திருவிழா, பள்ளிக்கு வந்ததே அறுபது பிள்ளைகள் என்பது வருகை எடுத்த டீச்சருக்குத் தெரியும்.

இது நம் ஊர் நிலைமை மட்டுமன்று. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கம் என்று ஒரு பன்னாட்டு அமைப்பு, பணியிடங்களில் நடந்த மோசடிகளைத் தொகுத்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அறிக்கை வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் 138 நாடுகளைச் சேர்ந்த 1,921 வழக்குகள். அவற்றில் 43 விழுக்காடு வெளியே வந்தது யாரோ ஒருவர் தகவல் சொன்னதால். சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேயே வேலை பார்த்தவர்கள். அடுத்த இடத்தில் இருக்கும் உள்தணிக்கை, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. தணிக்கைக்காரன் இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான்.

அப்படியானால் தெரிந்தவர்கள் ஏன் சொல்வதில்லை? பணியில் இருந்தபோது இந்தக் கேள்வியைப் பல ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். கிடைத்த பதில் எப்போதும் ஒன்றுதான். “சொல்லலாம் சார், பெயர் வெளியே வந்துவிடும்.” இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் நினைக்கவில்லை. பெயர் உண்மையிலேயே வெளியே வந்துவிடுகிறது. எப்படி வருகிறது, அதை யார் தடுக்க முடியும் என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் மொட்டைக் கடிதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மொட்டைப் பெட்டிஷன் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். பெயர் வெளியே வரும் என்ற பயத்தில் பெயரே போடாமல் எழுதுவது. அதை எழுதுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதனால் விளையும் பயன் சொற்பம். நான் படித்த மொட்டைக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றரைப் பக்கம் வசவு, ஒரு வரி விஷயம். ‘தலைமையாசிரியர் மானியத்தை முழுங்கிவிட்டார்’ என்று இருக்கும். எந்த மானியம், எந்த ஆண்டு, முழுங்கியது என்றால் பொருள் வாங்கவே இல்லையா, குறைவாக வாங்கினாரா, விலையைக் கூட்டி எழுதினாரா? கேட்க ஆள் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்க முடியாத கடிதம் கோப்பில் தூங்கிப் போகும். பெயரில்லாத புகார்களின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அரசு அலுவலகங்களின் பொதுவான நடைமுறையும். இன்னொன்று, பெயர் போடாததால் எழுதியவர் தப்பிவிடுகிறார் என்பதும் இல்லை. பள்ளியில் எல்லோர் கையெழுத்தும் எல்லோருக்கும் தெரியும். கணினியில் அடித்தாலும் எந்த ஆசிரியர் ‘மேற்படி’ என்று அடிக்கடி எழுதுவார் என்பதைத் தமிழாசிரியர் சொல்லிவிடுவார். எழுதாத நான்கு பேர் மீதும் சேர்த்துச் சந்தேகம் விழும். அதுதான் மிச்சம்.

இரகசியப் புகார் என்பது வேறு. அதில் எழுதியவருக்குப் பெயர் உண்டு, கையொப்பம் உண்டு. வாங்குபவருக்கு அவர் யாரென்று தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு முழுவதும் வாங்குபவரின் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எழுதுகிறவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும், வாங்குகிறவர் சற்று அசந்தால் போதும்.

அதற்கு நாடறிந்த சாட்சி சத்யேந்திர துபே. உங்களில் சிலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். பீகார் மாநிலம் சீவான் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடப் பொறியியல் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக, ஜார்க்கண்டின் கோடர்மாவில் பணியில் இருந்தார். தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை அப்போது போடப்பட்டுக்கொண்டிருந்தது. தம் பகுதியில் பெரிய ஒப்பந்தக்காரர்கள் வேலையை எடுத்து, அதைச் செய்யத் தகுதியில்லாத சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு உள்குத்தகைக்கு விடுவதையும், முன்பணம் கொடுப்பதில் முறைகேடு இருப்பதையும், வேலையின் தரம் கெடுவதையும் பார்த்தார். 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தை அவர் அனுப்பிய முறையைப் பாருங்கள். மொட்டையாக எழுதவில்லை. பொதுமக்கள் எழுதும் கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் எழுதி இணைத்தார். அந்த விவரங்களை இரகசியமாக வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஒரு பொறுப்புள்ள அரசு ஊழியர் எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதியிருந்தார். தனித்தாள் எதற்கு? கடிதத்தை மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்குத்தானே.

எடுத்து வைக்கவில்லை. கடிதம் அவர் பெயர் விவரங்களோடு சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கே வந்து சேர்ந்தது. ஓராண்டு கழிந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலையில், ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு ரயிலில் வந்து கயாவில் இறங்கி வீட்டுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்கு முப்பதாவது பிறந்தநாள்.

இதில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வழக்கை விசாரித்த மத்தியப் புலனாய்வுத் துறை அதை வழிப்பறிக் கொலை என்றது. 2010இல் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தண்டனை வழங்கியது. கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பு உண்டு என்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆனால் பலருக்கும் அந்த ஐயம் போகவில்லை. தணிக்கைக்காரனாக, நிறுவப்படாததை நான் சொல்லமாட்டேன். நிறுவப்பட்டது ஒன்று இருக்கிறது, அதுவே நமக்குப் போதும். பெயரை மறைத்துவையுங்கள் என்று கேட்டவரின் பெயர் மறைக்கப்படவில்லை. அதைச் செய்தவர்களில் யாருக்கும் அவர் மேல் பகை இருந்ததாகத் தெரியவில்லை. வந்த கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பினார்கள், வழக்கம்போல.

அந்தச் சாவுக்குப் பிறகு நாடு முழுவதும் கொதிப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. 2004 ஏப்ரல் 21இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொதுநலத் தகவல் வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் தீர்மானம் என்று சொல்லலாம். அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகாரை வாங்கும் இடமாயிற்று. அதன் நடைமுறையைப் படித்தால் ஒவ்வொரு விதியும் துபேயின் கடிதம் எங்கே நழுவியதோ அந்த இடத்தை அடைப்பதற்கு எழுதியதுபோல இருக்கும். புகாரை மூடி ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும், உறையின் மேல் இது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று எழுத வேண்டும், அனுப்புநர் பெயர் உறை மேல் இருக்கக் கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ மட்டும் இருக்க வேண்டும். புகாரின் நடுவே எழுதியவர் யாரென்று காட்டும் குறிப்பு எதுவும் வரக் கூடாது. ஆணையம் முதலில் எழுதியவரைத் தொடர்புகொண்டு, இதை எழுதியது நீங்கள்தானா என்று உறுதி செய்துகொள்ளும். பிறகு பெயரை நீக்கிவிட்டு விசாரணைக்கு அனுப்பும். பெயரில்லாத புகாரை எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஏற்பாடு மத்திய அரசு ஊழியர்களையும் அதன் நிறுவனங்களையும் பற்றிய புகாருக்குத்தான். மாநில அரசின் பள்ளிகள் இதற்குள் வாரா. நாம் போக வேண்டிய இடங்கள் நம் மேலதிகாரிகள், லஞ்ச ஒழிப்புத் துறை என்று நாம் சொல்லும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த லோக் ஆயுக்தா ஆகியவை.

2014இல் நாடாளுமன்றம் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில அரசு ஊழியர்களும் அதில் அடங்குவர். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வராமலே கிடக்கிறது. நடைமுறைக்கு வராத சட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், அதில் உள்ள இரண்டு தண்டனைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொய் என்று தெரிந்தே கெட்ட நோக்கத்தோடு புகார் கொடுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியே விட்டவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பெயரை விட்டதற்குத்தான் தண்டனை கூடுதல். அதுவும் வேண்டுமென்றே விட்டால் மட்டுமன்று, கவனக்குறைவால் விட்டாலும் அதே தண்டனை. சட்டம் எழுதியவர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி நம் அலுவலகத்துக்கு வருவோம். துபே கதையைக் கேட்டுவிட்டுத் தில்லியில் நடந்தது நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், நம் அலுவலகக் கடிதத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ‘பொருள்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘பார்வை’. பார்வை ஒன்று: இன்ன பள்ளியின் பட்டதாரி ஆசிரியர் இன்னாரின் புகார் மனு, நாள் இன்னது. கீழே உடலில், ‘பார்வையில் காணும் மனுவின் மீது உரிய விசாரணை மேற்கொண்டு அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இணைப்பு: மனு நகல்.’ இதைத் தயாரித்த உதவியாளருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கற்றுக்கொடுத்தபடி எழுதினார். அலுவலர் முப்பது கோப்புகளோடு சேர்த்து இதிலும் கையொப்பமிட்டார். கடிதம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வட்டாரத்துக்கு, வட்டாரத்திலிருந்து பள்ளிக்கு. பள்ளியில் தபாலைப் பிரிப்பவர் யார்? புகாருக்கு ஆளானவரே.

‘பார்வை’ என்ற அந்த ஒரு வரியால் எத்தனை பேர் எத்தனை பள்ளிகளில் கஷ்டப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர்களுக்கு யாரும் துப்பாக்கி காட்டுவதில்லை. அவருக்கு மட்டும் விடுப்பு கிடைக்காது. எல்லாப் பயிற்சிக்கும் அவர் பெயர்தான் போகும், அல்லது எதற்கும் போகாது. சாப்பாட்டு நேரத்தில் அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு மேல்நிலைப் பள்ளியில் அப்படிப்பட்ட ஓர் ஆசிரியையை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வறைக்கே போகாமல், தம் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் சொன்ன விவரம் முழுக்க உண்மை, பணமும் திரும்பக் கட்டப்பட்டது. அதன் பிறகும் இரண்டு ஆண்டு அப்படித்தான் சாப்பிட்டார்.

ஆகவே உங்களில் தலைமையாசிரியர்களாக இருப்பவர்களும், நாளை வட்டாரக் கல்வி அலுவலராகவோ மாவட்டக் கல்வி அலுவலராகவோ வரப்போகிறவர்களும் உங்களைப் புகார் கொடுப்பவராக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். புகாரை வாங்குபவராக நினைத்துப் பாருங்கள். இரகசியம் என்று எழுதிய உறை வந்தால் அதை நீங்களே பிரியுங்கள். தபால் பிரிவில் பிரிபட்டு, முத்திரை விழுந்து, நான்கு மேசை தாண்டி வந்தபிறகு அதில் என்ன இரகசியம் இருக்கிறது? பகிர்மானப் பதிவேட்டில் ‘இரகசியக் கடிதம்’ என்று மட்டும் பதிந்தால் போதும். மூலக் கடிதத்தை ஒட்டிய உறையில் உங்கள் பூட்டுக்குள் வையுங்கள். விசாரணைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் மனு நகலை அனுப்பாதீர்கள். மனுவில் உள்ள செய்திகளைப் பெயர் தெரியாதபடி நீங்களே தனியாக எழுதி அனுப்புங்கள். பார்வையில் ‘இவ்வலுவலகத்துக்குக் கிடைத்த தகவல்’ என்று இருக்கட்டும். மனுவைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ‘இதைக் கொஞ்சம் பாருங்க சார்’ என்று அனுப்புவது இன்று ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. அந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது. செய்தியே ஆளைக் காட்டிவிடும். ‘ஜூலை 14 அன்று கணக்கு ஆசிரியரிடம் வெற்றுப் பற்றுச்சீட்டில் கையெழுத்துக் கேட்டார்’ என்று இருந்தால் பெயர் எதற்கு? அதனால் விசாரிக்கும் முறையிலும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். நாங்கள் தணிக்கையில் கடைப்பிடித்த வழி ஒன்று உண்டு. மேசை வாங்கியதில் சந்தேகம் என்றால் மேசைப் பட்டியலை மட்டும் கேட்கமாட்டோம். மூன்று ஆண்டுப் பற்றுச்சீட்டு, மூன்று ஆண்டு இருப்புப் பதிவேடு, கல்விச் சுற்றுலாக் கணக்கு, பெற்றோர் ஆசிரியர் கழக நன்கொடை ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் கேட்போம். பக்கத்தில் இன்னும் இரண்டு பள்ளிகளுக்கும் போவோம். ஆண்டுத் தணிக்கைக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு வேலை மூன்று மடங்கு. ஆனால் எதற்கு வந்தோம் என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. மேசையை எண்ணும்போது நாற்காலியையும் பீரோவையும் சேர்த்தே எண்ணுவோம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை என்று போனால், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் மேல் உள்ள சாட்சியங்களைப் பார்க்கும் உரிமை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை தருகிறோம் என்றால் எந்த ஆவணத்தின் அடிப்படையில், எந்தச் சாட்சியின் அடிப்படையில் என்று சொல்லியாக வேண்டும். குற்றச்சாட்டு புகார்தாரரின் வாய்மொழியை நம்பி நின்றால் அவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்த வேண்டிவரும். பதிவேடும், கடைக்காரரின் பேரேடும், நேரில் எண்ணிய எண்ணிக்கையும் சேர்ந்து பேசினால் அவர் தேவையில்லை. அவர் கையைக் காட்டினார், அவ்வளவுதான். கிணறு வெட்டியது விசாரணை அலுவலர்.

சரி, எழுதுபவருக்கு என்ன சொல்வது? கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். நாள், தொகை, எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று சொன்னால் அது பத்துப் பக்கக் குமுறலைவிட வேலை செய்யும். அவர் வீடு கட்டினார், கார் வாங்கினார் என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியைத் தவிர்த்துவிட்டு, நான்கைந்து பேருக்குத் தெரிந்திருக்கக்கூடிய செய்தியை முன்னால் வையுங்கள். நகல் எடுக்கலாம், ஆனால் மூலப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது உங்கள் மேல் தனிக் குற்றமாகும். பத்திரிகைக்காரரிடம் கொடுப்பதும் அப்படித்தான். அலுவலகத் தகவலை அனுமதியின்றி வெளியாருக்குத் தருவதை அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. பள்ளிக் கணினியில் தட்டச்சு செய்து, பள்ளி அச்சுப்பொறியில் எடுத்து, ஒரு நகலை அதன் மேலேயே மறந்துவிட்டு வந்த கதையும் நான் கேட்டிருக்கிறேன். பிறகு, எழுதியதை யாரிடமும் சொல்லாதீர்கள். நெருங்கிய சிநேகிதியிடம் மட்டும், ‘உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்’ என்று சொன்னது திங்கட்கிழமை காலைக்குள் வழிபாட்டுக் கூட்டம் வரை வந்துவிடும். அலுவலகத்தைக் குறை சொல்லும் நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் பள்ளிக்குப் பொருந்தும். ஈராசிரியர் பள்ளி என்றால்? இருவரில் ஒருவரைப் பற்றிப் புகார் போனால் எழுதியது யார் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. இதற்கு என்னிடம் முழுமையான விடை கிடையாது. அங்கே கடிதம் எழுதுவதைவிடப் பதிவேட்டில் எழுதுவது நல்லது என்பது என் கருத்து. பன்னிரண்டு மேசை வந்தால் ‘பன்னிரண்டு பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். இருபது என்று எழுதிய தாளில் போடாதீர்கள், வெற்றுத் தாளில் எந்தக் காலத்திலும் போடாதீர்கள். இது புகார் இல்லை, உங்கள் வேலை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பது வழக்கமாகிவிட்டால் கேள்வி அவர்களிடமிருந்தே வரும். ‘மேசை இருபதுன்னு படிச்சீங்களே டீச்சர், எங்க பிள்ளை இன்னும் தரையிலதானே உட்காருது?’ என்று ஓர் அம்மா கேட்டால் அதற்கு யார் பெயரை மறைக்க வேண்டும்? கூட்டமே நடத்தாமல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் பள்ளிகளில்தான் இந்த வழி அடைபட்டுப் போகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சந்தேகம் என்பது சந்தேகம்தான். ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை பற்றி மேலதிகாரிக்கு ஓர் இரகசியக் கடிதம் வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் எடுத்துத் தம் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார் என்று, வங்கிப் புத்தகத்தின் பக்கத்தோடு. எழுதியவர் பொறுப்பானவர், எழுதியது பொய்யும் இல்லை. அந்த அலுவலர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எங்கள் வழக்கமான தணிக்கையில் அதையும் பார்க்கச் சொன்னார். நாங்கள் போய் எல்லாவற்றையும்போல அதையும் கேட்டோம். முந்தைய கோடை விடுமுறையில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய், பள்ளி திறப்பதற்குள் சரிசெய்ய அம்மா தம் கைப்பணத்தைப் போட்டிருக்கிறார். ஜூனில் கழகம் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. தீர்மானப் புத்தகம் கழகத் தலைவர் வீட்டில் இருந்தது, பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. மோட்டார்க் கடைப் பட்டியலும், குழாய் வேலை செய்தவரின் கூலி ரசீதும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்தின. முன் அனுமதி வாங்கவில்லை என்று ஒரு தணிக்கைக் குறிப்பு எழுதினோம். அதோடு முடிந்தது. அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. எழுதிய ஆசிரியருக்கு, பார்த்தாயிற்று, பணம் சரியாக இருக்கிறது என்று அலுவலர் வாய்மொழியாகத் தெரிவித்தார். இருவரும் அதே பள்ளியில் தொடர்ந்து வேலை பார்த்தார்கள். அந்தக் கடிதம் ‘பார்வை 1’ என்று பள்ளிக்குப் போயிருந்தால் எழுதியவர் மட்டுமா கெட்டிருப்பார்? ‘தலைமையாசிரியை முப்பத்தெட்டாயிரம் எடுத்துவிட்டாராம்’ என்பது ஊர் முழுக்கப் பரவியிருக்கும். மோட்டார் கதை அதன் பின்னால் ஓடிப் பிடித்திருக்க முடியாது.

முடிப்பதற்கு முன், இடைவேளையில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். புகாருக்கு ஆளானவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, தம் மேல் வந்த புகாரின் நகலைக் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றார். பலர் அப்படித்தான் நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜி)யைப் படித்துப் பாருங்கள். சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்காக நம்பிக்கையின் பேரில் தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டக்கூடிய செய்தியையும், ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்கக்கூடிய செய்தியையும் கொடுக்க வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. கொடுக்கக்கூடிய பகுதியை மட்டும் பிரித்துக் கொடுக்கப் பிரிவு 10 இடம் தருகிறது. பெயரையும் ஆளைக் காட்டும் வரிகளையும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். மறைக்கும்போது பேனாவால் அடித்துக் கொடுக்காதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அடித்த தாளை மறுபடி நகலெடுத்து அந்த நகலைக் கொடுங்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறோம் என்பதையும், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் பதிலில் எழுத வேண்டும்.

தேநீர் வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். அடுத்த அமர்வில் மானியச் செலவினப் பதிவுகளைப் பார்க்கப் போகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டைக் கொண்டுவந்திருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.